பழைய பாக்கி கேட்டு வசூல் ஏஜென்சி போன் செய்தால்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழித்துறை கோர்ட்டுக்குப் பக்கத்தில் தட்டச்சும் ஜெராக்ஸும் செய்யும் சின்னக் கடை என்னுடையது. முன்பெல்லாம் வழித் தகராறு, வேலித் தகராறு, பாகப்பிரிவினை என்று மனு அடிக்க வருவார்கள். இப்போது பலர் செல்போனை நீட்டிக்கொண்டு வருகிறார்கள். "அண்ணே, இதுக்கு ஒரு பதில் அடிச்சுத் தாருங்க" என்பார்கள். பார்த்தால் ஆறு வருடம், எட்டு வருடம் முந்தைய போன் பில், பிராட்பேண்ட் பில், கிரெடிட் கார்டு பாக்கி என்று ஏதாவது இருக்கும். நடுவில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். இன்று ஒரு வசூல் ஏஜென்சி கேட்கிறது.

நான் வக்கீல் இல்லை. வக்கீல்கள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்ததில் கற்றதும், எனக்கே நேர்ந்ததும்தான் கீழே இருப்பது. தொகை பெரிது, அல்லது கோர்ட்டிலிருந்தே சம்மன் வந்திருக்கிறது என்றால் கட்டாயம் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

திடீரென்று போன் வருகிறது, பாக்கி என்கிறார்கள். முதலில் என்ன சொல்ல வேண்டும்?

பதற்றத்தில் "ஆமா சார், கட்டிருவேன்" என்று சொல்லிவிடாதீர்கள். "அப்படி ஒன்றுமே கிடையாது" என்று சண்டைக்கும் போகாதீர்கள். பேசுகிறவர் பெயர், ஏஜென்சியின் பெயர், எந்தக் கம்பெனிக்காகக் கேட்கிறார், கணக்கு எண், பில் தேதி, அசல் எவ்வளவு, அதன்மேல் ஏற்றியது எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் இதைச் சொன்னால் போதும்: "நான் இப்போது எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. விவரத்தை எழுத்தில் அனுப்புங்க. பார்த்துவிட்டுப் பதில் தருகிறேன்."

ஆதார் எண், பான் எண், பிறந்த தேதி, ஓடிபி எதையும் கொடுக்காதீர்கள். "சரிபார்க்கத்தான் சார்" என்பார்கள். பாக்கி கேட்கிறவர்தான் தன்னிடம் உள்ள விவரத்தைக் காட்ட வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த எண்ணிலிருந்து யார் பேசினார், என்ன சொன்னார் என்று எழுதி வையுங்கள். போனில் ரெக்கார்டு செய்யும் வசதி இருந்தால் அதையும் வையுங்கள். பிறகு புகார் எழுதும் நாளில் இந்த நோட்டு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நான் தினமும் பார்க்கிறேன்.

அவர் உண்மையான ஏஜென்ட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவர் தரும் எண்ணில் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். பழைய பில்லில் இருக்கும் எண், கம்பெனியின் ஆப், அல்லது நேரடிக் கிளை வழியாக நீங்களே கேளுங்கள். வங்கி, நிதி நிறுவனம் என்றால் உங்கள் கணக்கை எந்த ஏஜென்சியிடம் கொடுத்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுக்கு உண்டு. வீட்டுக்கு வருகிற ஆள் அடையாள அட்டையும் வங்கியின் அதிகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் காட்டச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டாதவரிடம் பேச்சே வேண்டாம்.

விசாரித்ததில் பாக்கியே இல்லை, மோசடி என்று தெரிந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் போய்விட்டதென்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

உங்களுக்கு என்ன நடந்தது?

நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் வாடகைக்கு இருந்தபோது ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வைத்திருந்தேன். 2016-இல் மார்த்தாண்டம் பக்கம் வீடு மாறினோம். மோடத்தைத் திருப்பிக் கொடுத்து, இணைப்பை நிறுத்தச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். 2022-இல் ஒரு நாள் போன் வந்தது. 4,360 ரூபாய் பாக்கியாம். நான் எடுக்காத நேரத்தில் என் மச்சினனுக்குக் கூப்பிட்டு "உங்க அத்தான் ஏமாத்துறார்" என்று சொன்னார்கள். அந்த அவமானம் தாங்காமல், எதையும் பார்க்காமல், ஏஜென்ட் சொன்ன எண்ணுக்கு ஜிபேயில் 1,000 ரூபாய் போட்டேன்.

அது போட்ட நான்காம் மாதம் வேறொரு ஏஜென்சி கூப்பிட்டது. அதே 4,360. நான் போட்ட ஆயிரம் கம்பெனிக் கணக்கில் ஏறவே இல்லை. அப்புறம்தான் வீட்டில் பழைய காகிதங்களைக் கிளறினேன். எல்ஐசி பத்திரங்களுக்கு நடுவில் மோடம் ஒப்படைத்த சீட்டு இருந்தது. தேதியும் சீலும் தெளிவாக இருந்தன. நகல் வைத்து கம்பெனியின் குறைதீர்ப்பு முகவரிக்குக் கடிதம் அனுப்பினேன். மூன்று வாரத்தில் பாக்கி ஏதும் இல்லை என்று பதில் வந்தது. அந்த ஆயிரம் ரூபாய் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

எத்தனை வருடம் ஆனால் பாக்கியைக் கோர்ட்டில் கேட்க முடியாது?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். பாதிப் பதிலோடு எழுந்து போகிறவர்களும் இதில்தான் அதிகம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் ஒன்று இருக்கிறது. கோர்ட்டில் லிமிட்டேஷன் என்று சொல்வார்கள். சாதாரண பில், கைமாற்றுக் கடன், கிரெடிட் கார்டு, ஈடில்லாத கடன் ஆகியவற்றுக்குப் பணம் கேட்டு வழக்குப் போட மூன்று வருடம். பில் கட்ட வேண்டிய நாளிலிருந்து கணக்கு ஓடும். அந்தக் காலம் தாண்டியபிறகு போட்ட வழக்கை, எதிர்த்தரப்பு அந்தக் காரணத்தைச் சொல்லாவிட்டாலும் கோர்ட்டே தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு சொல்கிறது.

ஆனால் மூன்று வருடம் ஆனதால் கடன் அழிந்துவிடாது. கோர்ட் வழியாக வாங்கும் உரிமை மட்டும்தான் போகிறது. மரியாதையாகக் கேட்கலாம், நீங்கள் விரும்பினால் கட்டலாம். கட்டிவிட்டு "காலம் போன பாக்கி, திருப்பித் தாருங்க" என்று கேட்க முடியாது.

அடுத்து, அந்த மூன்று வருடம் நீளக்கூடிய வழிகள். காலம் முடியும் முன் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் தொடங்கும். காலம் முடியும் முன் ஒரு பகுதியைக் கட்டி, அது உங்கள் எழுத்திலோ கையெழுத்திலோ பதிவாகியிருந்தாலும் அப்படியே. காலம் முடிந்தபிறகு வெறுமனே "ஆமாம், பாக்கி இருக்கிறது" என்பதால் உயிர் வராது. ஆனால் "இந்தப் பணத்தைத் தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது புது ஒப்பந்தமாகவே ஆகிவிடும். அதனால்தான் ஏஜென்ட் "ஒரு சின்ன லெட்டர் மட்டும் கொடுங்க சார், நான் மேலிடத்தில் பேசிக்கறேன்" என்று கேட்பது. வாட்ஸ்அப்பில் "அடுத்த மாசம் தரேன்" என்று எழுதினாலும் அதையும் எழுத்தாகக் காட்டிப் பார்ப்பார்கள். எழுதாதீர்கள்.

கொரோனாக் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 15.03.2020 முதல் 28.02.2022 வரை உள்ள நாட்களைக் காலக்கெடுவில் எண்ணக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியது. உதாரணத்துக்கு, 10.06.2018 அன்று கட்ட வேண்டிய பில். சாதாரணமாக 2021 ஜூனில் காலம் முடியும். அந்த நாட்களைக் கழித்தால் 2023 மே கடைசிவரை நீள்கிறது. 2018, 2019 பில்களுக்கு இதைப் போட்டுப் பார்க்காமல் "காலாவதி ஆயிட்டு" என்று முடிவு செய்யாதீர்கள்.

வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு மூன்று அல்ல, பன்னிரண்டு வருடம். ஏற்கெனவே கோர்ட் தீர்ப்பாகியிருந்தால் அதை நிறைவேற்றவும் பன்னிரண்டு வருடம். நகைக்கடன் இந்தப் பேச்சிலேயே வராது, நகை அவர்கள் கையில் இருக்கிறது.

பில் வந்த காலத்தில் நான் கல்ஃபில் இருந்தேன். எனக்கும் மூன்று வருடம்தானா?

நம் மாவட்டத்தில் இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் தகும். வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ மஸ்கட்டிலோ குவைத்திலோ இருந்த ஊர் நம்முடையது. காலவரையறைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, 5-ஆம் உட்பிரிவு சொல்வது இது: பணம் தர வேண்டியவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த நாட்களைக் கழித்துவிட்டுத்தான் மூன்று வருடத்தை எண்ண வேண்டும்.

கருங்கலைச் சேர்ந்த ஒருவரின் கணக்கை அப்படியே சொல்கிறேன். கிரெடிட் கார்டு பாக்கி 2017 ஜனவரியில் நின்றது. மார்ச்சில் துபாய் போனார். நடுவில் மூன்று முறை ஒவ்வொரு மாத லீவில் வந்தார். 2023 டிசம்பரில் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். "ஏழு வருஷம் ஆச்சு அண்ணே, இனி என்ன?" என்றார். ஆனால் அவர் இந்தியாவில் இருந்தது போகும்முன் இரண்டு மாதம், லீவில் மூன்று மாதம், ஆக ஐந்து மாதம்தான். மீதி இரண்டு வருடம் ஏழு மாதம் அவர் திரும்பி வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கியது. அதாவது 2026 நடுப்பகுதிவரை வங்கி வழக்குப் போட முடியும். நான் அவரை வக்கீலிடம் அனுப்பினேன். வக்கீல் முதலில் கேட்டது பழைய பாஸ்போர்ட்டைத்தான். போன தேதியும் வந்த தேதியும் அதில்தானே இருக்கிறது. காலாவதியான பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

"இன்னைக்கு ஒரு 500 மட்டும் போடுங்க, கேஸ் நிறுத்திடறேன்" என்கிறார். போடலாமா?

போடாதீர்கள். பாக்கி உங்களுடையதுதான் என்று நீங்களே காட்டிக்கொடுப்பதுதான் அதில் நடக்கும். காலக்கெடு இன்னும் மீதி இருந்தால் அது புதிதாகத் தொடங்கவும் வழி ஆகலாம். தொகை குறைவதும் இல்லை. கட்டுவதென்றால் எழுத்தில் உடன்பாடு வந்தபிறகு, கம்பெனியின் கணக்குக்கு நேராகக் கட்டுங்கள். ஏஜென்ட்டின் சொந்த ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கூப்பிடலாமா? வீட்டுக்கு வரலாமா?

வங்கி, நிதி நிறுவனம், அவற்றிடமிருந்து கடனை வாங்கிய சொத்து மறுசீரமைப்புக் கம்பெனி ஆகியோருக்கு ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, திட்டக் கூடாது, ஊரார் முன் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, பெயர் சொல்லாத மிரட்டல் அழைப்பு கூடாது, சமூக ஊடகத்தில் தகாத செய்தி அனுப்பக் கூடாது. ஏஜென்ட் செய்ததற்கு வங்கியே பொறுப்பு. "அது ஏஜென்சி ஆள், எங்களுக்குத் தெரியாது" என்று மேனேஜர் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்கு வருவது தவறல்ல. நீங்கள் அனுமதிக்காமல் உள்ளே வருவதுதான் தவறு. துக்கம் நடந்த வீட்டுக்கு வசூலுக்குப் போகக் கூடாது என்பது வங்கிகள் தாங்களே ஏற்றுக்கொண்ட நடத்தை விதி. ஆண்கள் ஆழ்கடலுக்குப் போன வீடுகளில், வயதான அம்மையும் மருமகளும் மட்டும் இருக்கும் நேரம் பார்த்து வந்து உட்கார்ந்துகொண்ட கதைகள் தூத்தூர், வள்ளவிளை பக்கமிருந்து என்னிடம் வந்திருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்களுக்கு நான் சொல்வது: கதவைத் திறக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. சன்னல் வழியாகவே அடையாள அட்டையைக் கேளுங்கள், காகிதம் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எழுந்து போகவில்லை என்றால் 100 அல்லது 112.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். போன் பில், பிராட்பேண்ட், ஆஸ்பத்திரி பில் ஆகியவை ரிசர்வ் வங்கியின் விதிக்குள் வராது. அங்கே மணிக்கணக்கு விதியைக் காட்டமுடியாது. ஆனால் மிரட்டல் யார் செய்தாலும் குற்றம்தான். இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு எல்லோருக்கும் பொது.

போலீஸ் பிடித்துக்கொண்டு போவார்களா?

பில் கட்டாதது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் கைது செய்ய முடியாது. "கோட்டார் ஸ்டேஷனிலிருந்து பேசுறேன்" என்று யாராவது சொன்னால், பெயரையும் பதவியையும் கேட்டுவிட்டு நேரே அந்த ஸ்டேஷனுக்கே போய் விசாரியுங்கள். உண்மையான போலீஸ்காரர் நீங்கள் வருவதைத் தடுக்கமாட்டார்.

விதிவிலக்கு செக். நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் அது குற்ற வழக்காகும். செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் உங்களுக்கு நோட்டீஸ் வரும். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டினால் அங்கேயே முடிந்துவிடும். ஆகவே செக் நோட்டீஸை மட்டும் ஒரு நாளும் ஆறப்போடாதீர்கள். பழைய பாக்கிக்குப் புதிதாக செக் எழுதிக் கொடுக்கவும் கூடாது.

வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ், வாரண்ட் என்று அனுப்புகிறார்களே?

வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு அல்ல, ஒரு வக்கீல் தன் கட்சிக்காரருக்காக எழுதும் கடிதம். பயப்பட வேண்டாம், அதே நேரம் பதில் அனுப்பாமல் விடவும் வேண்டாம். வழக்கு எண் போட்ட எந்தக் காகிதம் வந்தாலும் அந்த எண்ணை ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டுப் பாருங்கள். உண்மையான வழக்குக்கு 16 இலக்கத்தில் சிஎன்ஆர் எண் இருக்கும். சிங்கம் படமும் சிவப்பு சீலும் போட்ட "கைது வாரண்ட்" பிடிஎஃப் பலவற்றில் வழக்கு எண்ணே இருக்காது. இருந்தாலும் தேடினால் வராது.

கோர்ட் சம்மன் உண்மையாகவே வந்துவிட்டால் எதிர் உரை, அதாவது உங்கள் பதில் மனு, தாக்கல் செய்ய 30 நாள் இருக்கிறது. கோர்ட் அனுமதித்தால் 90 நாள்வரை நீளும். போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். காலம் கடந்த பாக்கியாக இருந்தாலும், போய் நின்று சொன்னால்தான் காரியம் நடக்கும். நடுவர் மன்றம், அதாவது ஆர்பிட்ரேஷன், என்று தலைப்பிட்டு சென்னை முகவரியிலிருந்து வரும் காகிதத்தையும் இதே கவனத்தோடு பாருங்கள். நிதி நிறுவனக் கடன்களில் இது இப்போது அதிகம். குப்பையில் போட்டவர்கள் பிறகு தீர்ப்பு வந்தபோது என் கடைக்கு ஓடி வந்திருக்கிறார்கள்.

தீர்ப்பே எதிராக வந்தால் வீட்டுச் சாமான் எல்லாம் அள்ளிக்கொண்டு போவார்களா?

ஏஜென்ட் எதையும் தொட முடியாது. கோர்ட் உத்தரவோடு கோர்ட் ஆள் வந்தால்தான் ஜப்தி. அப்போதும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு பலவற்றைக் காக்கிறது. உடுத்தும் துணி, சமைக்கும் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், கூலித் தொழிலாளியின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடமுடியாது. பணத் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைக் கைது செய்யவும் முடியாது என்று 56-ஆம் பிரிவு சொல்கிறது. "உன் பொண்டாட்டியை ஏத்துவோம்" என்று மிரட்டியதாக ஒருவர் கண்ணீரோடு சொன்னார். அவருக்கு இந்தப் பிரிவைப் பெரிய எழுத்தில் அடித்துக் கொடுத்தேன்.

அப்பா பெயரில் பாக்கி. அப்பா இறந்துவிட்டார். பிள்ளைகள் கட்ட வேண்டுமா?

அப்பா விட்டுப்போன சொத்து உங்களுக்கு வந்திருந்தால், அந்தச் சொத்தின் அளவுக்கு மட்டும். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ் நகலோடு ஒரு கடிதம் அனுப்பி, தொந்தரவை நிறுத்தச் சொல்லுங்கள். "நான் பார்த்துக்கறேன்" என்று மகன் எழுதிக் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் கதை வேறு. கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு அவருக்கும்.

திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தபோது எடுத்த சிம். இப்போது மலையாளத்தில் நோட்டீஸ் வருகிறது.

மலையாளத்தில் வந்தாலும் நோட்டீஸ் நோட்டீஸ்தான். களியக்காவிளை தாண்டி எடுத்த இணைப்பு என்பதால் கேரளக் கோர்ட்டிலும் வழக்குப் போட முடியும், நீங்கள் குடியிருக்கும் இடத்திலும் போட முடியும். சட்டமும் மூன்று வருடக் கணக்கும் இரு பக்கமும் ஒன்றே. பதிலைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ அனுப்பலாம்.

பாக்கி உண்மைதான். கட்டி முடித்துவிட நினைக்கிறேன். எப்படிப் பேசுவது?

நல்ல முடிவு. கையில் பணம் இருக்கும்போது முடித்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம். முதலில் கணக்கு விவரம் வாங்கி அசலைப் பிரித்துப் பாருங்கள். பழைய பாக்கியில் வட்டியும் அபராதமும்தான் பெரும்பகுதி, பேரம் அதில்தான். உங்களால் ஒரே தவணையில் தரமுடிகிற தொகையைவிடக் குறைவாகத் தொடங்குங்கள். மாதக் கடைசியில், காலாண்டுக் கடைசியில் இறங்கி வருவார்கள் என்பது நான் பார்த்த அளவில் உண்மை.

ஒத்துக்கொண்டதும் பணம் கட்டும் முன் கம்பெனியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்குங்கள். கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, இது முழுமையான இறுதித் தீர்வு என்ற வாசகம் இருக்க வேண்டும். ஏஜென்சியின் லெட்டர்ஹெட் போதாது. கட்டியபின் ரசீது, அப்புறம் பாக்கி இல்லை என்ற சான்று. மூன்றையும் ஒன்றாகத் தைத்து வையுங்கள். ஏஜென்சிகள் மாறும்போது முடிந்த கணக்கு மறுபடி எழுந்து வருவதை நான் ஒன்றுக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

சிபில் கெட்டுப்போகுமா?

குறைந்த தொகைக்கு முடித்தால், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் "செட்டில்டு" என்று விழும். முழுதும் கட்டினால் "க்ளோஸ்டு". அடுத்து வீட்டுக்கடனோ பிள்ளையின் கல்விக்கடனோ கேட்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு சொல்லின் வித்தியாசம் பெரிது. முடிந்தால் முழுதும் கட்டி க்ளோஸ்டு வாங்குங்கள். மூன்று வருடம் தாண்டிய பாக்கியும் அறிக்கையில் தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க் நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

மக்கள் நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. போகலாமா?

போங்கள். போன் கம்பெனிகளும் வங்கிகளும் வழக்குப் போடும் முன்பே இங்கே அழைப்பது வழக்கம். நாகர்கோவிலிலும், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி கோர்ட்டுகளிலும் அமர்வு நடக்கும். ஏஜென்ட்டின் மிரட்டல் இல்லாமல் அதிகாரியோடு நேரில் பேசக் கிடைக்கும் வாய்ப்பு அது. நீங்கள் ஒத்துக்கொண்டால் மட்டும்தான் உடன்பாடு. ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. ஆகவே காலக்கெடு கணக்கை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசம். தொலைபேசி 15100.

எங்கே புகார் செய்வது?

வங்கி, நிதி நிறுவனம்: முதலில் அவர்களுக்கே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம். கட்டணம் இல்லை. வழி கேட்க 14448. உங்கள் புகார் தீராமல் இருக்கும்போது கணக்கை ஏஜென்ட்டிடம் தள்ளக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். ஆகவே புகார் எண்ணை ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள்.

போன், பிராட்பேண்ட்: கம்பெனியின் புகார் மையம், பிறகு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. அதிலும் சரியாகவில்லை என்றால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி வழக்குகளையும் நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. காரணம் எழுந்த இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உதவிக்கு 1915.

பதிவே இல்லாத லோன் ஆப், கந்துவட்டி: நேராகப் போலீஸ். 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டத்தோடு, கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

கரண்ட் பில், கூட்டுறவுச் சங்கக் கடன்?

இவை வேறு சட்டங்கள். மேலே சொன்ன மூன்று வருடக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அலுவலகத்திலேயே போய்க் கேளுங்கள்.

ஏஜென்சிக்கு அனுப்பும் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

நான் அடித்துக் கொடுப்பது இவ்வளவுதான்:

"தங்கள் ... தேதியிட்ட அழைப்பு/நோட்டீஸில் குறிப்பிட்ட தொகையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கு எண், மூலப் பில் நகல், கட்ட வேண்டிய தேதி, அசல் மற்றும் கூடுதல் தொகையின் விவரம், என்னிடம் வசூலிக்கத் தங்களுக்குத் தரப்பட்ட அதிகாரக் கடிதத்தின் நகல் ஆகியவற்றை அனுப்பவும். அவை கிடைத்தபின் பதில் தருகிறேன். இனி எழுத்தில் மட்டும் தொடர்புகொள்ளவும். என் குடும்பத்தாரையோ அண்டை வீட்டாரையோ தொடர்புகொள்ள வேண்டாம். இக்கடிதம் எந்தப் பாக்கியையும் ஒப்புக்கொள்வதாகாது; காலவரையறை உள்ளிட்ட என் சட்ட உரிமைகள் அனைத்தும் எனக்கு உண்டு."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு நகல் ஏஜென்சிக்கு, ஒரு நகல் மூலக் கம்பெனிக்கு. பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால் இப்போது ஸ்பீட் போஸ்ட்டில்தான் அனுப்ப வேண்டும். கவுன்டரில் டெலிவரிச் சான்று வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள். சீட்டில் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். அன்றே ஜெராக்ஸ் எடுத்துக் கடித நகலோடு பின் செய்து வையுங்கள்.